ஆர்.சி.யில் என் பெயர் இல்லை

ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள் வேப்பமரத்தடியில் என் ஆம்னி நின்றது. பின் கண்ணாடியில் முகத்தை ஒட்டி, இரண்டு கையாலும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். மயில் நாங்கள் ஏற்றியபடியே பழைய சேலைகளுக்கு நடுவே படுத்திருந்தது. கழுத்து தனி, உடல் தனி. கொண்டை மட்டும் முறிந்து சீட்டுக்கு அடியில் கிடந்தது. நல்ல வெயில் நேரம். மூடிய வண்டிக்குள் பச்சை வாசம் போகாத வாகை மரம் இரண்டு நாள் கிடந்தால் என்ன ஆகும் என்பது மர வேலைக்காரனுக்குத் தெரியும். கதவைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை. சாவி ரைட்டரின் மேஜை டிராயரில் இருந்தது.

நான் தம்மம்பட்டியில் மரச்சிற்ப வேலை செய்கிறவன். சாமி சிலை, வாசக்கால், கோயில் வாகனம் என்று எங்கள் ஊரில் உளிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. செய்த பொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வண்டி வேண்டும் என்பதற்காக 1,15,000 ரூபாய்க்கு ஒரு பழைய மாருதி ஆம்னி வாங்கினேன். டி.என். 28, நாமக்கல் பதிவு. மூன்று வருஷம் அது எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆவணியில் கும்பாபிஷேகம் வைத்திருந்த ஒரு முருகன் கோயிலுக்கு மயில் வாகனத்தை ஏற்றிக்கொண்டு போனபோதுதான், சந்து ரோட்டிலிருந்து திரும்பிய ஒரு பைக்கும் என் வண்டியும் மோதின. பைக்கில் வந்த பையனுக்கு வலது கால் எலும்பு முறிந்தது. நானே அவனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினேன். அவன் இன்றைக்கு நன்றாக நடக்கிறான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் கால் சரியாகும்வரை வேறு எதுவும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஆனால் வண்டி விஷயம் வேறொரு பாதையில் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பாதையில் 51 நாள் நடந்தேன். அதைத்தான் எழுதுகிறேன். எங்கள் ஊரில் பழைய வண்டி வாங்குகிற பத்துப் பேரில் பாதிப் பேர் நான் செய்த தப்பைத்தான் செய்கிறார்கள்.

விபத்து நடந்தால் வண்டியை போலீஸ் எடுத்துப் போவது வழக்கம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எப்.ஐ.ஆர். போட வேண்டும், மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்க வேண்டும். நம் பக்கம் அவரை பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வோம். அவர் வந்து வண்டியை ஓட்டிப் பார்ப்பார், பிரேக் பிடிக்கிறதா என்று சோதிப்பார், எங்கே நசுங்கியிருக்கிறது என்று குறிப்பார், இயந்திரக் கோளாறால் விபத்து நடந்ததா இல்லையா என்று சான்று எழுதிக் கொடுப்பார். எனக்கு இரண்டாம் நாளே அது முடிந்துவிட்டது. பிரேக்கில் கோளாறு இல்லை என்று எழுதினார்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 136 என்று ஒரு பிரிவு இருக்கிறது. விபத்து வண்டியை ஆய்வுக்காக எடுத்துப் போனால் எங்கே வைத்திருக்கிறோம் என்று உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும், நடைமுறை முடிந்ததும் 24 மணி நேரத்துக்குள் வண்டியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. இது ஏட்டில் மட்டும் உள்ள சட்டம் இல்லை. எங்கள் தெருவிலேயே ஒரு மாப்பிள்ளை போன தையில் இதே மாதிரி ஒரு விபத்தில் மாட்டினார். ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் மூன்றும் அவர் பெயரில், மூன்றும் நடப்பில். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்த மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். எனக்கும் அப்படித்தான் ஆகும் என்று நம்பிக்கொண்டு ரைட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

"வண்டி யாரு பேருல இருக்குதுங்க?" என்று கேட்டார்.

"என்னுதுதாங்க. மூணு வருஷமா நான்தான் ஓட்டுறேன்."

"ஓட்டுறது நீங்கதான். பேரு யாருது?"

ஆர்.சி.யை அவர் பக்கம் தள்ளினேன். அதில் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்த ஒருவர் பெயர் இருந்தது. அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. வண்டியை நான் வாங்கியது பழைய வண்டிகளை வாங்கி விற்கிற ஒரு கன்சல்டிங்கில். அவர் கன்சல்டிங்குக்கு விற்றார், கன்சல்டிங் எனக்கு விற்றது. நடுவில் இருந்தது அவர் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த வெற்றுப் படிவங்கள், அதாவது பெயர் மாற்றத்துக்கான 29-ம் 30-ம். "பார்ம் ஓப்பன்ல இருக்குதுங்கண்ணா, எப்ப வேணா மாத்திக்கலாம்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்த "எப்ப வேணா" மூன்று வருஷம் பீரோவில் கிடந்தது.

ரைட்டர் கோபப்படவில்லை. "இதை நாங்க விட முடியாதுங்க. கோர்ட்டுல மனு போட்டு வாங்கிக்கோங்க. மனு போடுறதும் பேருல இருக்கிறவரு போட்டாத்தான் சுளுவு" என்றார். அவர் சொன்னது சரி என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு என் பணம் போட்டு வாங்கிய வண்டிக்கு முன்னால் அந்நியன் மாதிரி நின்றேன்.

மயிலை மட்டும் எடுக்க விட்டார்கள். அதற்கும் வழக்குக்கும் சம்பந்தம் இல்லை என்று ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள். என்ன பொருள், எத்தனை துண்டு, எந்தக் கோயிலுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏட்டு ஒருவர் கதவைத் திறந்துவிட்டு, கழுத்தைத் தூக்க அவரே ஒரு கை கொடுத்தார். உடலுக்கும் கழுத்துக்குமான கழுந்து பிசகாமல் இருந்தது. ஆனால் மார்பில், இறகு வரி கொத்திய இடத்தில், நகம் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. வெடிப்பில் மரச் சிம்பு வைத்து இறுக்கி, புதுக் கொண்டை செதுக்கி, வாடகை வண்டியில் கொண்டுபோய்க் கும்பாபிஷேகத்துக்கு நாலு நாள் முன்னால் இறக்கினேன். வண்ணம் பூசிய பிறகு யாருக்கும் தெரியாது. எனக்கு அந்த இடம் கண்ணை மூடினாலும் தெரியும்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். ஒரு வண்டி கை மாறினால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் இதுதான் கணக்கு. பணம் கொடுத்து, சாவி வாங்கி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கினால் வண்டி நம்முடையது என்று நாம் நினைக்கிறோம். சட்டம் ஆர்.சி.யில் இருக்கிற பெயரைத்தான் பார்க்கிறது. 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்த வழக்கில் ஒரு கார் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு என்று பல கை மாறியிருந்தது. ஒருவரும் பெயர் மாற்றவில்லை. விபத்தில் ஒரு சிறுவன் இறந்தபோது, ஆர்.சி.யில் பெயர் உள்ள முதல் ஆளே உரிமையாளர், அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பானது. விபத்துக்கு ரொம்ப நாள் முன்பே வண்டியை விற்றுவிட்டவர் அவர். பெயர் மாற்றாமல் விட்டதில் எனக்கு மட்டும்தான் ஆபத்து என்று நினைத்திருந்தேன். முகம் தெரியாத அந்தக் கோழிப்பண்ணைக்காரர் தலைக்கு மேலும் மூன்று வருஷமாக அதே கத்தி தொங்கியிருக்கிறது.

அவரைத் தேடுவதிலேயே பதினாறு நாள் போயிற்று. ஆர்.சி.யில் இருந்த முகவரியில் வேறு குடும்பம் குடியிருந்தது. பண்ணையை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார், பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். அவருடைய மச்சான் மூலமாகப் போன் நம்பர் கிடைத்தது. நான் பேச ஆரம்பித்ததும், "அண்ணா, அந்த வண்டியா? நான் வித்து நாலு வருஷம் ஆச்சுங்களே" என்றார். குரல் நடுங்கியது. வழக்கில் தன்னை இழுப்பார்களோ என்ற பயம். போனை வைத்துவிட்டார். மறுநாள் திருப்பூருக்கே பஸ் ஏறினேன். கம்பெனி வாசலில் ஷிப்ட் முடிகிறவரை நின்று, எப்.ஐ.ஆர். நகலையும் இன்சூரன்ஸையும் காட்டினேன். ஓட்டியது நான், லைசென்ஸ் என்னுடையது, இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது, உங்களுக்கு இதில் கையெழுத்து வேலை மட்டும்தான் என்று புரியவைத்தேன். டீக்கடைப் பெஞ்சில் நெடுநேரம் யோசித்தவர், "பிள்ளைங்க படிக்குதுங்க, இது என் பேருல இருக்கிறவரைக்கும் எனக்கு இனித் தூக்கம் வராது. வரேன்" என்றார்.

மனு போட்டது அவர் பெயரில். போலீஸ் கைப்பற்றிய பொருளை வழக்கு முடியும் முன்பே உரியவரிடம் ஒப்படைக்கக் கேட்கும் மனு அது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 497, 503 என்ற பிரிவுகள் இதற்கானவை. பழைய சட்டத்தில் 451, 457. பழைய வக்கீல்கள் வாயில் இன்னும் 451-தான் வருகிறது. பொருள் நீதிமன்றத்துக்கு வந்தால் 14 நாளுக்குள் அதன் விவரத்தை எழுதி, போட்டோவும் தேவையானால் வீடியோவும் எடுத்து, அதன்பின் 30 நாளுக்குள் அதை என்ன செய்வது என்று உத்தரவிட வேண்டும் என்று புதுச் சட்டம் நாள் கணக்கே வைத்திருக்கிறது.

இதற்கு வேர் 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கு, குஜராத்திலிருந்து போனது. பிடித்த வண்டிகளை ஸ்டேஷனில் வருஷக்கணக்கில் போட்டு வைப்பதால் யாருக்கும் பயன் இல்லை, தகுந்த பிணையும் உறுதிமொழியும் வாங்கிக்கொண்டு சீக்கிரம் விட்டுவிடுங்கள் என்று நீதிமன்றம் நடுவர்களுக்குச் சொன்னது. நம் ஊர் ஸ்டேஷன் எதையாவது எட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பின் நியாயம் தெரியும். என் ஆம்னிக்குப் பக்கத்தில் ஒரு அம்பாசடர் நின்றது. அதன் பானெட்டைப் பிளந்துகொண்டு ஒரு வேலிப்பருத்திக் கொடி ஏறியிருந்தது. டயர் நாலும் மண்ணோடு மண். அதுவும் ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோன வண்டியாக இருந்திருக்கும். யாரும் கேட்டு வராத வண்டிக்கு நீதிமன்றம் அறிவிப்பு கொடுக்கும், ஆறு மாதம் பொறுக்கும், பிறகு ஏலம். கேட்டு வராததற்குக் காரணம் அக்கறை இல்லாதது மட்டும்தான் என்று நான் நம்பவில்லை. என்னைப் போல ஆர்.சி.யில் பெயர் இல்லாதவர்கள் எத்தனை பேர் பாதியில் கைவிட்டிருப்பார்கள்!

உத்தரவு வந்தது. 50,000 ரூபாய்க்குப் பிணைப் பத்திரம், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தார், வண்டியை நாலு பக்கமும் எடுத்த போட்டோ, ஒரிஜினல் ஆர்.சி.யை நீதிமன்றத்தில் ஒப்படைப்பது. வழக்கு முடியும்வரை விற்கவோ நிறம் மாற்றவோ கூடாது, கூப்பிட்டால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். 50,000 என்றதும் என் மனைவி தோட்டைக் கழற்றப் போய்விட்டாள். அது கட்டுகிற பணம் இல்லை, பொறுப்பேற்கிற தொகை, நிபந்தனையை மீறினால்தான் கேட்பார்கள் என்று குமாஸ்தா விளக்கிய பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது. இதைத் தெரியாமல் கந்துவட்டிக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜாமீன்தாராக என் பெரியப்பா மகனும் பட்டறைக்குப் பலகை அறுத்துத் தருகிற அண்ணனும் வீட்டு வரி ரசீதோடு வந்தார்கள். திருப்பூர்க்காரர் இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்.

51-ம் நாள் சாவி கைக்கு வந்தது. வண்டி நகரவில்லை. பேட்டரி செத்திருந்தது. பின் டயர் ஒன்று தரையில் உட்கார்ந்திருந்தது. இன்ஜின் பக்கம் எலி ஒயரைக் கடித்துக் கூடு கட்டியிருந்தது.

மரக்கணக்கு எழுதுகிற நோட்டில் இந்தக் கணக்கையும் எழுதி வைத்திருக்கிறேன். வண்டியை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போன கூலி 2,500. வக்கீல், குமாஸ்தா, டைப்பிங் எல்லாம் சேர்த்து 8,000. பத்திரம், நோட்டரி, வில்லை, போட்டோ 900. திருப்பூர்க்காரரின் கூலி, பஸ், சாப்பாடு 3,600. அதில் கூலியை அவர் வேண்டாம் என்றார், நான்தான் பையில் திணித்தேன். ஜாமீன்தார்களுக்கு வண்டிச் செலவு, சாப்பாடு 1,000. பேட்டரி 4,200. டயர், ஒயரிங், டிங்கரிங் 6,800. வண்டி இல்லாத நாளில் வேலை கொண்டுபோக எட்டு நடை வாடகை வண்டி, நடைக்கு 1,800 வீதம் 14,400. மொத்தம் 41,400. இதில் அபராதம் என்று ஒரு ரூபாய்கூடக் கிடையாது. எல்லாம் தன் பெயரில் வைத்திருந்த எங்கள் தெரு மாப்பிள்ளைக்கு ஆன செலவு இழுவைக் கூலியோடு முடிந்தது.

லண்டனில் இருக்கிற என் தங்கை மகனிடம் இதைச் சொன்னபோது, அங்கே போலீஸ் எடுத்துப் போன காருக்கு இழுவைக் கூலியே 192 பவுண்டு, அது போக நாளுக்கு 26 பவுண்டு நிறுத்தக் கட்டணம் என்றான். அங்கே எல்லாம் ரசீதில் வந்துவிடுகிறது. நமக்கு நிறுத்தக் கட்டணம் என்று யாரும் கேட்கவில்லை. வெயிலும் எலியும் எடுத்துக்கொண்டது எந்த ரசீதிலும் ஏறவில்லை.

விபத்து இல்லாமல் வெறும் வண்டிச் சோதனையில் மாட்டினால் பாதை சின்னது. பதிவு இல்லை, பர்மிட் இல்லை, லைசென்ஸ் இல்லை என்றால் 207-வது பிரிவில் வண்டியை நிறுத்தி வைப்பார்கள். ஆவணத்தைக் காட்டி அபராதம் கட்டினால் விட்டுவிடுவார்கள். செல்போனில் டிஜிலாக்கரில் இருக்கிற ஆவணமும் செல்லும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. குடித்துவிட்டு ஓட்டினால் முதல் தடவை 10,000 அபராதம் அல்லது ஆறு மாதம்வரை ஜெயில் அல்லது இரண்டும், அது நீதிமன்றத்தில்தான் முடியும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை கையில் சாவி கொடுத்து, அந்தப் பிள்ளை ஓட்டி மாட்டினால் பெற்றவருக்கு அல்லது வண்டிக்காரருக்கு 25,000, மூன்று வருஷம்வரை சிறை, வண்டியின் பதிவும் பன்னிரண்டு மாதம் ரத்து. எங்கள் தெருவில் பத்தாவது படிக்கிற பையன்கள் மளிகைக்குப் பைக்கில் போவதைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

மர வேலைக்காரன் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அனுமதிச் சீட்டு இல்லாமல் சந்தனமோ ஈட்டியோ ஏற்றி வனத்துறையிடம் வண்டி மாட்டினால், அது இத்தனை எளிதில் வராது. தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி வண்டியையே அரசுடைமையாக்கும் அதிகாரம் வன அதிகாரிக்கு உண்டு. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் வண்டிக்காரர். சாராய வழக்கிலும் இதே மாதிரிப் பறிமுதல் உண்டு. வாடகைக்குக் கேட்கிறார்கள் என்று சாவியைத் தூக்கிக் கொடுக்கும் முன் என்ன ஏற்றப் போகிறார்கள் என்று கேட்டுவிடுவது நல்லது.

என்னைக் காப்பாற்றியது ஒன்றுதான், இன்சூரன்ஸ். ஏஜெண்ட் வருஷா வருஷம் பழைய பெயரிலேயே புதுப்பித்துக் கொடுத்தார். என் மாதிரி 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 2,094 ரூபாய், வரியோடு 2,471. வண்டி கை மாறினாலும் மூன்றாம் நபருக்கான காப்பு கூடவே போகும் என்று சட்டத்தில் இருப்பதால், அந்தப் பையனின் சிகிச்சைக்கான நஷ்டஈட்டை இன்சூரன்ஸ்தான் பார்க்கிறது. அந்த 2,471 கட்டாமல் இருந்திருந்தால்? காப்பீடு இல்லாத வண்டி ஆளைக் காயப்படுத்தினால், நஷ்டஈட்டுக்குப் போதுமான பிணை கட்டாமல் அதை விடக்கூடாது, மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஏலம் விட்டு அந்தப் பணத்தை விபத்துத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும் என்று 2018-ல் உஷா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களையும் விதி வகுக்கச் சொன்னது. 2022 ஏப்ரல் முதல் மத்திய விதியிலும் அது வந்துவிட்டது. கடுமைதான். ஆனால் ஆட்டோவில் என் மடியில் தலை வைத்துத் துடித்த அந்தப் பையனை நினைத்தால் அந்த விதி வேண்டியதுதான் என்பேன்.

வழக்கு ஏழாவது மாதம் அபராதத்தோடு முடிந்தது. ஆர்.சி.யைத் திரும்பக் கேட்டு இன்னொரு மனு. அது கைக்கு வந்த வாரமே திருப்பூர்க்காரரும் நானும் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்தோம். அரசுக்குக் கட்டியது சில நூறு ரூபாய். என் பெயர் போட்ட அட்டை தபாலில் வந்த அன்று அதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். "இனி நிம்மதிங்கண்ணா" என்று குரல் செய்தி அனுப்பினார்.

போன மாதம் என் பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியைப் பட்டறைக்கு வருகிற ஒரு தம்பிக்கு விற்றேன். காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, "அண்ணா, பார்முல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க, நான் அப்புறமா மாத்திக்கிறேன்" என்றான். வேலையை அப்படியே வைத்துவிட்டு ஆத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வண்டிச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்த பிறகுதான் அதை எடுத்து அவன் கையில் வைத்தேன்.